ஏஞ்சலாவின் பையில் ஒரு மாம்பழம்

ஜூலியின் குடும்பத்தில் யாரும் பிறர் பொருளைத் தொட்டதில்லை. டெட்ரோயிட்டில் அவளுடைய தகப்பன் அதைச் சாப்பாட்டு மேசையில் சொல்லிச் சொல்லி வளர்த்தார். அவள் ரொறன்ரோவுக்கு வந்து, வெக்ஸ்போர்ட்டில் ஒரு பழைய மாடிக் கட்டடத்தில் இருந்துகொண்டு அதையே தன் மகளுக்குச் சொல்லி வளர்த்தாள். அந்த வீட்டில் மேசையைச் சுற்றி நான்கு கதிரைகளும் நான்கு விதம். ஹீற்றர் தனக்கு மனம் வந்தால் வேலை செய்யும். மானத்துக்கு மட்டும் ஒரு குறையும் கிடையாது.

மகள் ஏஞ்சலாவுக்குப் பதினான்கு வயது. கறுப்புப் பிள்ளை கடைக்குள் எப்படி நடக்க வேண்டும் என்ற சட்டங்கள் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். கை வெளியே தெரிய வேண்டும். வாங்காத சாமானைத் தொடக் கூடாது. பில் இல்லாமல் வாசலைத் தாண்டக் கூடாது.

சட்டங்கள் சும்மா வரவில்லை. ஒருநாள் ஒரு பெரிய கடையில் காவலாளி அவளுடைய புத்தகப்பையைத் தரையில் கொட்டி, பாதி தேய்ந்த லிப் பாம் ஒன்றைத் தூக்கிப் பிடித்து, இதற்கு பில் எங்கே என்று கேட்டான். பாதி தேய்ந்த லிப் பாமை உங்கள் கடையில் எந்தத் தட்டில் வைத்து விற்கிறீர்கள் என்று ஜூலி மறுநாளே போய்க் கேட்டாள். மனேஜர் வாடிக்கையாளர் பாதுகாப்பைப் பற்றி அழகாகப் பேசினான். அந்தக் கடையில் எல்லாம் இருந்தது, மன்னிப்பைத் தவிர.

அதன் பிறகு ஏஞ்சலா நெஞ்சு படபடக்காமல் நுழைகிற கடை ஒன்றே ஒன்றுதான்: அருள்நாயகத்தாரின் பலசரக்குக் கடை. அங்கே வெண்டைக்காய் மலிவு. கூடப் படிக்கும் நிலக்சியின் வீட்டில் பாதி நாள் கிடந்து அவள் பொறுக்கிய யாழ்ப்பாணத் தமிழுக்கு அங்கே மதிப்பும் உண்டு.

அந்தச் சனிக்கிழமை வெண்டைக்காய்ப் பைக்குள்ளிருந்து ஒரு மாம்பழம் உருண்டு வந்தது.

“இது என்ன?” என்றாள் ஜூலி.

“மாம்பழம்.”

“அது எனக்கும் தெரியும். பில்லில் ஏன் இல்லை?”

“அம்மா, சத்தியமாக எனக்குத் தெரியாது!”

ஜூலி முதியோர் இல்லத்தில் துப்புரவு வேலை. வேலை உடுப்பைக்கூட மாற்றாமல், ஒரு கையில் மாம்பழமும் மறு கையில் மகளுமாகப் படியிறங்கினாள். ஏஞ்சலாவுக்குக் கண் கலங்கியது. இனி அந்தக் கடையும் போய்விடும்.

அருள்நாயகத்தார் மன்னார்க்காரர். கழுத்துப் பொத்தான்வரை பூட்டிய வெள்ளைச் சேட்டும், வளையாத முதுகும். பிடித்த வாடிக்கையாளரின் பைக்குள் யாருக்கும் தெரியாமல் ஏதாவது ஒன்றை வைத்துவிடுவது அவர் வழக்கம். வைத்ததை வாயால் சொன்னால் அது சொல்லிக்காட்டியதாகிவிடும், குடும்பத்துக்கே இழுக்கு என்பது அவர் கொள்கை. மனைவி கிளடிஸுக்கே தெரியாது.

ஜூலி மாம்பழத்தைக் கல்லாவில் வைத்தாள். “நாங்கள் காசு கொடுக்காத பொருளை வைத்திருப்பதில்லை.”

ஆங்கிலம் அவ்வளவாக ஓடாத அவருக்கும், பக்கத்தில் நின்ற கிளடிஸுக்கும் ஏஞ்சலா தமிழாக்கினாள். “அங்கிள், உது மாறி வந்திட்டுதாம்.”

“மாறி வரேல்லை பிள்ளை. நான் வைச்சது. குடுத்ததைத் திருப்பித் தாறது எங்களை அடிச்ச மாதிரியெண்டு கொம்மாட்டைச் சொல்லு.”

“உங்களைக் கண்டதில் சந்தோஷமாம்,” என்றாள் ஏஞ்சலா ஆங்கிலத்தில்.

“நாங்கள் பிச்சைக்காரர் இல்லை என்று சொல்.”

“பெரிய நன்றியாம், அங்கிள்.”

இவ்வளவு நன்றி சொல்கிற தாயின் முகம் ஏன் இப்படி இறுகுகிறது என்று கிளடிஸுக்கு விளங்கவில்லை. மாம்பழம் கல்லாவில் அங்கும் இங்கும் தள்ளுப்பட்டது. அந்த நேரம் பார்த்து கிளடிஸின் தம்பி றெமிஜியஸ் அரிசி மூட்டைக்குப் பின்னாலிருந்து வந்தார். பிள்ளையின் பெயரைக் காப்பாற்ற அவருக்கு அவசரம்.

“அக்கா, இந்தப் பிள்ளை தங்கம். ஒரு சாமான் எடுக்கேல்லை. எனக்கு நல்லாத் தெரியும், வந்த நேரம் துவக்கம் போகுமட்டும் பின்னாலயே நிண்டு பாத்தனான்.”

ஏஞ்சலா திரும்பிப் பார்த்தாள். “இண்டைக்கோ?”

“ஒவ்வொரு சனியும்!” என்றார் றெமிஜியஸ் பெருமையோடு.

சோடாப் பெட்டி அடுக்கியபடி, தேங்காயெண்ணெய்ப் போத்தல் துடைத்தபடி, எப்போதும் பக்கத்திலேயே நின்ற அங்கிள். தனக்கு உதவி செய்யத்தான் நிற்கிறார் என்று இதுவரை நினைத்திருந்தாள்.

“என்ன சொல்கிறார்?” என்றாள் ஜூலி.

இம்முறை ஏஞ்சலா ஒரு சொல்லையும் மாற்றவில்லை.

ஜூலி மகளின் தோளில் கை வைத்தாள், அவ்வளவுதான். அருள்நாயகத்தாருக்கு அதுதான் தாங்கவில்லை. “டேய் றெமி! என்ர கடையில, என்ர வாடிக்கைக்குப் பின்னால நிக்கச்சொல்லி ஆரடா உனக்குச் சொன்னது?”

“நீங்கள்தானே, அத்தான். கறுவல் பிள்ளையள் வந்தா ஒரு கண் வைச்சுக்கொள்ளெண்டு.”

ஏஞ்சலா அதையும் அப்படியே ஆங்கிலத்தில் சொன்னாள். கிளடிஸ் புருஷனை ஏற இறங்கப் பார்த்தாள். “வாங்கோ, பெரிய மனுசன். ஒரு கையால பழம், மற்றக் கையால காவல்.”

அவருடைய குடும்பத்தில் மூன்று தலைமுறையாக யாரும் மன்னிப்புக் கேட்டதில்லை. கேட்கும்படி நடந்ததில்லை என்று அவரே ஊரெல்லாம் சொல்லியிருக்கிறார். இப்போது அவர் மாம்பழத்தை எடுத்து இரண்டு கையாலும் தன் பக்கம் வைத்துக்கொண்டார். “கொம்மா திருப்பித் தந்தது சரி, பிள்ளை. இந்தப் பழத்தைத் தர எனக்கு யோக்கியதை இல்லை. பிழை என்ரதான். நீ இனியும் வரவேணும். என்ன செய்ய, சொல்லு.”

ஏஞ்சலா யோசித்தாள்.

“நான் கடையை ஒருக்காச் சுத்திப் பாக்கப்போறன். தனிய. ஒருத்தரும் என்னைப் பாக்கக் கூடாது. எல்லாரும் றோட்டைப் பாத்து நில்லுங்கோ.”

மூவரும் கண்ணாடிக்கு முகம் கொடுத்து நின்றார்கள். ஜூலி மகளின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நீங்களும்தான், அம்மா.”

“நானுமா?”

“எல்லோரையும்விட நீங்கள்தான் அதிகம் பார்க்கிறீர்கள்.”

ஜூலி மெல்லத் திரும்பி அருள்நாயகத்தாருக்குப் பக்கத்தில் போய் நின்றாள். கடைக்குள் வரவிருந்த ஒரு கிழவர், கண்ணாடிக்குப் பின்னால் வரிசையாக நின்று தன்னை முறைக்கும் நான்கு முகங்களைக் கண்டு வந்த வழியே போய்விட்டார்.

ஏஞ்சலா ஆற அமர நடந்தாள். இறால் கருவாட்டை எடுத்து முகர்ந்து, முகத்தைச் சுளித்து, திரும்ப வைத்தாள். ஒரு மீன் ரின்னில் ஒட்டியிருந்த தாளைத் திருப்பித் திருப்பி வாசித்தாள். வாங்கப் போவதில்லை, வாசிக்க ஆசை. பின் மூலையில் எதுவோ தடாரென்று விழுந்து உருண்டது.

றெமிஜியஸின் கழுத்து பாதி திரும்பியது. “பிள்ளை, முடிஞ்சுதோ?”

“திரும்பாதேங்கோ!” என்று நான்கு பேருக்கும் சேர்த்துக் கத்தினாள் ஏஞ்சலா. “இன்னும் ரெண்டு வரிசை கிடக்கு.”