முருகைக்கல் மதில்

போர் ஓய்ந்திருந்த சமாதான காலத்தில் கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்த நாங்கள், நெடுந்தீவுக் குதிரைகளைப் பார்க்கப் பழைய ஜீப் ஒன்றைப் பிடித்தோம்.

"மணலுக்குள்ளை விடாதையும்" என்று சாரதி றஜீபனிடம் படித்துப் படித்துச் சொன்னேன். என் கணவருக்கோ குதிரைகளைக் கிட்டப் பார்க்க வேண்டும். றஜீபன் அவருடைய பேச்சைக் கேட்டார்; சில்லு பாதி புதைந்தது. வெயிலில் நின்று இருவரையும் திட்டித் தீர்த்தேன்.

சத்தம் கேட்டுப் பக்கத்து வளவிலிருந்து மாக்கிறேற் என்ற அக்கா வந்தார். சாந்து பூசாமல், கடலில் எடுத்த பவளப்பாறைக் கல்லான முருகைக்கல்லை அடுக்கிய தன் மதிலைப் பிரித்து, கற்களைச் சில்லுக்கடியில் திணித்தார். ஜீப் ஏறியது.

"எப்பிடி நன்றி சொல்லுறதெண்டு தெரியேல்லை அக்கா."

"கல்லைத் திருப்பி அடுக்குங்கோ. ஆடு வந்திடும்."

அடுக்கினோம். என் விரல்கள் கிழிந்தன. சண்டையில் இடிந்துபோன வேலணை வீடு இருந்த இடத்தில் எங்களுக்கு ஒரு கல்கூட மிஞ்சவில்லை என்று அடுக்கியபடியே அவரிடம் சொன்னேன்.

கடைசிக் கல்லை வைத்ததும் மாக்கிறேற் அக்கா தேத்தண்ணி தந்தார்.

"அடுத்தமுறை வந்தால் நேரை இஞ்சை வாங்கோ. நீங்கள் கட்டின மதில் இஞ்சை நிக்குது."