கேப்பர் மலையில் ஒற்றைக் குரல்

மலை என்று சொன்னால் திருவண்ணாமலைக்காரன் சிரிப்பான். ஆனாலும் கடலூரில் எங்களுக்கு அதுதான் மலை. கேப்பர் மலை. செம்மண் மேடும் முந்திரிக்காடுமாகக் கடலைப் பார்த்துக்கொண்டு கிடக்கும். மழைத்தண்ணீர் அறுத்து அறுத்து இரண்டு ஆள் ஆழத்துக்கு ஓடைகள் விழுந்திருக்கும். ஓடையின் ஓரத்தில் நின்றால் காலடியில் மண் சரசரவென்று உதிரும். அந்த மலையில்தான் என் வீட்டுக்காரர் ஞாயிற்றுக்கிழமை தோறும் நடக்கப் போனார்.

அவர் பெயரை நான் சொல்ல மாட்டேன். ஊரில் உத்திராபதி என்பார்கள். மல்லாக்கொட்டை மண்டியில் வேர்க்கடலை மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்தே இருந்து தொந்தி வைத்து, சர்க்கரையும் வந்து சேர்ந்தது. டாக்டர் நடக்கச் சொன்னார். கடற்கரை பக்கத்திலேயே இருக்கிறது, அங்கே நடந்தால் என்ன? மாட்டாராம். மணலில் நடந்தால் அலைதான் தெரியுமாம், மேலே ஏறினால்தான் கடல் தெரியுமாம். துணைக்கு என் தம்பி சின்னையன். துறைமுகத்தில் தோணிகளில் சரக்கு ஏற்றுகிறவன். இன்னொருவர் கிபாயத்துல்லா பாய், ஓ.டி. என்கிற பழைய டவுன் கடைத்தெருவில் கைலிக்கடைக்காரர், இவருக்குச் சிநேகிதர். அவருக்கும் சர்க்கரை. இவர் அந்த இரண்டு பேரையும் மச்சான் என்றுதான் கூப்பிடுவார்.

நான் திட்டுவேன். என் வாய் ஊரறிந்த வாய். "யோவ், கடல என்ன புதுசாவா ஊத்தி வச்சிருக்கான், வாரா வாரம் போயி பாக்குறதுக்கு?" என்பேன். அவர் சிரித்துக்கொண்டே செருப்பை மாட்டுவார். பத்து வருஷக் குடித்தனத்தில் நான் அவரைத் திட்டாத நாள் கிடையாது, அவர் அதற்குக் கோபித்த நாளும் கிடையாது. மூன்றாம் மனிதர் முன்னால் மட்டும் வாயை அடக்கி "என்னங்க" என்பேன். குடும்பத்துப் பொம்பளை என்றால் அப்படித்தானே?

அரிசிக்கு ரேஷன் கடையில் கால்கடுக்க நின்ற வருஷம் அது. மார்கழித் திருவாதிரைக்குச் சிதம்பரத்தில் பிறந்த வீட்டுக்குப் போயிருந்தேன். தரிசனம் முடிந்த மறுநாள் திங்கட்கிழமை. சாயங்காலம் சின்னையன் வந்து நின்றான். முழங்கால் வரைக்கும் செம்மண்.

"அக்கா, மாமாவக் காணல" என்றான்.

பஸ்ஸில் வரும்போதுதான் எல்லாவற்றையும் சொன்னான்.

"நேத்து எறங்கி வர்றப்ப உச்சி வேள ஆயிடுச்சுக்கா. மாமா எப்பவும் போல கடலப் பாத்துக்கிட்டே பின்னால வந்தாரு. நானும் பாயும் முன்னால போயிட்டோம். பின்னாலேர்ந்து 'மச்சான்'னு ஒரு கொரல் வந்துச்சு."

"திரும்பிப் பாத்தியா?"

"ஒத்தக் கொரலுக்கு எப்படிக்கா திரும்புறது?"

காற்று, கருப்பு எதுவானாலும் தெரிந்தவர் குரலில் ஒரு தரம்தான் கூப்பிடும், மனிதன்தான் மூன்று தரம் கூப்பிடுவான் என்று எங்கள் பக்கத்தில் பால்குடிக்கிற பிள்ளைக்குக்கூடச் சொல்லி வைத்திருக்கிறோம். ஒற்றைக் குரலுக்கு 'ஏன்' என்று கேட்டுவிட்டால் அது நம்மைப் பிடித்துக்கொள்ளும். நடுச்சாமமும் உச்சி வேளையும் அதன் பொழுது. பாய் அதை ஜின் என்பார். பெயர்தான் வேறு, பயம் ஒன்றுதான்.

இரண்டு பேரும் அடுத்த குரலுக்குக் காது கொடுத்து நின்றிருக்கிறார்கள். வரவில்லை. திரும்பிப் பார்க்காமல் வேகமாக இறங்கிவிட்டார்கள். அவர் வேறு வழியாகத் திருப்பாப்புலியூர் பக்கம் இறங்கியிருப்பார் என்று நினைத்திருக்கிறார்கள். இருட்டியும் வீட்டுக்கு வரவில்லை என்ற பிறகுதான் ஆள் சேர்க்க ஓடியிருக்கிறார்கள். காலையில் பத்து ஆட்களோடு ஏறித் தேடியிருக்கிறார்கள். அதே உச்சி வேளை, அதே இடம், "மச்சான்" என்று மறுபடியும் ஒரே ஒரு குரல். பத்துப் பேரும் விழுந்தடித்துக்கொண்டு இறங்கிவிட்டார்கள்.

"மாமா கொரலேதான்க்கா. ஆனா அது மாமா இல்ல. மாமா போயிட்டாருக்கா" என்று சொல்லி அழுதான்.

"அட பாவி! அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்ம்பாங்க. ஒனக்குப் பட்டப்பகல்லயும் பேயாடா? அந்த மனுசன் கொரல் கேட்டா அந்த மனுசன்தாண்டா கூப்பிட்டிருப்பாரு!"

பஸ்ஸில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வாய்தான் இப்படிப் பேசியது. உள்ளுக்குள் எனக்கும் குளிர் எடுத்துவிட்டது. மனிதன் என்றால் ஏன் ஒரு தரத்தோடு நிறுத்த வேண்டும்? எங்கள் பக்கத்துச் சேத்தியாத்தோப்பில் பிறந்து வளர்ந்த மனுஷன், அவருக்குத் தெரியாதா மூன்று தரம் கூப்பிட வேண்டும் என்று?

வீட்டில் அதற்குள் துக்கம் விசாரிக்கிற கூட்டம் சேர்ந்திருந்தது. எதிர் வீட்டுப் பட்டம்மாள் ஒப்பாரியையே தொடங்கிவிட்டாள். என் தலையிலிருந்த பூவில் கை வைக்க வந்தாள்.

"பொணம் எங்கடி?" என்று கேட்டேன். "பொணத்தக் காட்டிட்டு அப்புறமா எம் பூவத் தொடு."

விடிந்ததும் தம்பியையும் பாயையும் இழுத்துக்கொண்டு கிளம்பினேன். வேறு யாரும் வரவில்லை. பாய் பாவம், வருகிற வழியெல்லாம் "தங்கச்சி, வேணாம்மா, நான் பள்ளிவாசல் அசரத்தக் கூட்டிக்கிட்டு வர்றேன், ஓதிட்டுப் போலாம்" என்று சொல்லிக்கொண்டே வந்தார். ஆனாலும் வந்தார். அதற்காக அவரை எந்தக் காலத்திலும் குறை சொல்ல மாட்டேன்.

நான் அந்த மலையில் ஏறியது அதுதான் முதல் தடவை. ஏறி நின்றதும் கடல் மொத்தமும் தெரிந்தது. கலங்கரை விளக்கம், உப்பனாற்று வாய், தூரத்தில் ஒரு கப்பல். இதற்குத்தானா வந்தார் என்று நினைத்துக்கொண்டேன். முந்திரிக்காட்டுக்குள் நுழைந்த பிறகு கடலும் தெரியவில்லை, காற்றும் இல்லை. சிவந்த ஓடைகள் திரும்பின பக்கமெல்லாம் பிளந்துகொண்டு கிடந்தன. ஒன்றில் எட்டிப் பார்த்தால் அடுத்தது. எல்லாம் ஒரே மாதிரி இருந்தன. காலையெல்லாம் தேடினோம். ஒரு காக்கைகூடக் கத்தவில்லை. நாங்கள் மூன்று பேர்தான் நடந்தோம், ஆனால் எனக்கு நான்காவது ஆளின் காலடி கேட்டது. நின்றால் அதுவும் நின்றது. தம்பியிடம் சொல்லவில்லை. சொன்னால் ஓடிவிடுவான்.

வெயில் உச்சிக்கு வந்தது.

"மச்சான்."

மண்ணுக்கு அடியிலிருந்து வருவது போல மெல்லிசான குரல். அவருடையதுதான். ஆனால் அந்தக் குரலில் அத்தனை பயத்தை நான் கேட்டதே இல்லை. பாய் கண்ணை மூடிக்கொண்டு ஓதத் தொடங்கினார். சின்னையன் என் கையை இறுக்கிப் பிடித்து, "கேக்காதக்கா, ஏன்னு கேட்டுடாத" என்று கெஞ்சினான். ஆனாலும் எனக்கு ஒன்று தோன்றியது. பேயாகவே இருந்தாலும் என் புருஷனுடைய பேய்தானே? அதற்குப் பயந்து ஓடினால் நான் என்ன பெண்டாட்டி?

"ஏன்?" என்றேன்.

பதில் இல்லை.

"என்னங்க, எங்க இருக்கீங்க? நான்தாங்க, கொளஞ்சி வந்திருக்கேன்."

இலைகூட அசையவில்லை. பாய் இருக்கிறாரே என்று, அடக்கமாக, அழுகையை விழுங்கிக்கொண்டு மறுபடி கூப்பிட்டேன். "என்னங்க, ஒரு வார்த்த சொல்லுங்க." மூன்றாம் தரமும் கூப்பிட்டேன். நாங்கள் நின்ற இடத்துக்கு வெகு கிட்டத்தில் யாரோ மூச்சை அடக்கிக்கொண்டு இருப்பது மட்டும் எனக்குத் தெரிந்தது.

"பாத்தியாக்கா? மனுசன்னா இந்நேரம் பதில் சொல்லியிருக்க மாட்டாரா? வா, போயிடலாம்" என்றான் தம்பி.

அவ்வளவுதான். எனக்கு எங்கிருந்து வந்ததோ ஆங்காரம். பாயாவது, பக்கத்து வீடாவது!

"யோவ்! காது செவுடாப் போச்சா? தொண்டத்தண்ணி வத்தக் கத்துறேன், வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருக்க? வேணாம் வேணாம்னு தலபாடா அடிச்சிக்கிட்டேனே, கேட்டியாய்யா? கடல் பாக்குறாராம் கடலு! ஊரே எம் பூவப் புடுங்க வருது, நீ இங்க கண்ணாமூச்சி ஆடிக்கிட்டு இருக்கியா? இப்ப வாயத் தொறக்கல, மண்ண வாரிப் போட்டுட்டு நான் பாட்டுக்கு சிதம்பரம் போயிடுவேன்!"

காலுக்கடியில், சரிந்து கிடந்த முந்திரிக் கிளைக்குக் கீழேயிருந்து ஓர் அழுகை கேட்டது.

"கொளஞ்சி... நீதானாடி? வந்துட்டியா?"

கிளையை விலக்கினோம். ஓடைச் சுவர் இடிந்து, இடுப்புக்குக் கீழே அவரை மூடியிருந்தது. முகமெல்லாம் செம்மண். கண் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது. அந்தக் கண் என் முகத்தைப் பார்க்கவில்லை. முதலில் என் காலைப் பார்த்தது. பாதம் தரையில் பாவியிருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் அவர் கையை நீட்டினார். தம்பி உள்ளே குதித்து "மாமா, மாமா" என்று கதறிக்கொண்டே மண்ணைக் கையால் தள்ளினான். பாய் தன் தலைப்பாகையை அவிழ்த்துக் கொடுத்தார், அதைப் போட்டுத்தான் தூக்கினோம்.

ஆஸ்பத்திரியில் காலுக்குக் கட்டுப் போட்டார்கள். அங்கே படுத்துக்கொண்டு, நானும் அவரும் மட்டும் இருந்தபோது சொன்னார்.

"மொத நா விழுந்ததும் கூப்பிட்டேன் கொளஞ்சி. மேல காலடி நின்னுச்சு. ஏன்னு கேக்கல. அப்புறம் ஓடுச்சு. மனுசன்னா ஏன்னு கேப்பான்ல? சரிதான், மேல நடக்குறது மனுசன் இல்லன்னு நெனச்சேன். திருப்பிக் கூப்பிட்டா அது எறங்கி வந்துடும்னு வாயப் பொத்திக்கிட்டேன். மறுநாளும் அதேதான்."

மேலே இருந்தவர்களுக்கு இவர் பேய். இவருக்கு அவர்கள் பேய். தலையில் அடித்துக்கொண்டேன். சிரிப்பும் வந்தது. அவர் சிரிக்கவில்லை.

"அப்புறம் எறங்கியும் வந்துச்சு" என்றார்.

"என்னது?"

"நீதான். உன் சேல, உன் மூஞ்சி. பக்கத்துல ஒக்காந்து எந் தலைய எடுத்து மடியில வச்சிக்கிட்ட. 'வலிக்குதாங்க? வாங்க, போலாம்'னு கூப்பிட்ட. ஒரு தரம் இல்லடி, மூணு தரமும் கூப்பிட்ட. மூணுன்னா மனுசன்தானேன்னு 'ம்'னு சொல்ல வாயத் தொறந்துட்டேன். ஆனா அவ என்னத் திட்டவே இல்ல. ரெண்டு நாளும் ஒரு சுடுசொல் இல்ல. அதனாலதான் இது நீ இல்லன்னு தெரிஞ்சுது. பல்லக் கடிச்சிக்கிட்டுக் கெடந்தேன். நீ நெசமா வந்து என்னங்கன்னு கூப்பிட்டப்பவும் அவதான் மறுபடி வந்துட்டான்னு நெனச்சேன்."

காய்ச்சலில் கண்ட கனவு என்றார் டாக்டர். இருக்கட்டும். பசியும் தாகமுமாகக் கிடந்த மனுஷன் கண்ணுக்கு என்னதான் தெரியாது?

கால் கூடி வீட்டுக்கு வந்தார். மண்டிக்கும் போனார். மலைப்பக்கம் மட்டும் தலைவைத்துப் படுப்பதில்லை. போனவர் கிடைத்துவிட்டார் என்று சுவாமிக்கு மாவிளக்குப் போட்டேன். இனி இந்த மனுஷனை ஒரு சொல் சொல்லக்கூடாது, பூப்போல வைத்துக்கொள்ள வேண்டும் என்று மனசுக்குள் சத்தியமும் செய்துகொண்டேன்.

ஆடி மாதம் ஒரு சாயங்காலம், உடைந்த காலில் குடைச்சல் என்று படுத்திருந்தார். தைலத்தை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். எனக்கு அவர் மேல் அப்படி ஒரு ஆசை பொங்கியது. நெற்றியைத் தடவி, "வலிக்குதாங்க?" என்றேன்.

அவர் உடம்பு கட்டை போல விறைத்தது. வாயை இறுக்கி மூடிக்கொண்டார். "என்னங்க?" என்றேன். அவருக்கு வேர்த்துக் கொட்டியது. கண் மெல்ல இறங்கி என் பாதத்தைத் தேடியது. புடவைக்குள் மடக்கி உட்கார்ந்திருந்தேன், பாதம் தெரியவில்லை. அவர் சுவரோரமாக நகர்ந்து நகர்ந்து ஒண்டினார். பத்து வருஷம் என்னோடு வாழ்ந்த மனுஷன், என் கைக்குப் பயந்து நடுங்கினார்.

எனக்குப் புரிந்துவிட்டது. என் புருஷனிடம் அன்பாக ஒரு வார்த்தை பேச எனக்கு இனி வழியே கிடையாது. அதை அவள் எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

"யோவ்," என்றேன். "சின்னக் கொழந்தையாய்யா நீ? ஒரு தைலம் தேய்க்க இந்தப் பாடா? சொவத்துல போயி ஒட்டுற, பல்லியா நீ? காலக் காட்டுய்யா!"

"அப்பாடா" என்று மூச்சு விட்டார். காலை நீட்டினார்.

கண்ணீர் தைலத்தில் சொட்டியது. துடைத்துக்கொள்ளக் கை ஒழியவில்லை. அவர் தூங்கும் வரைக்கும் திட்டிக்கொண்டே இருந்தேன்.