சாம்பல் படியும் நேரம்

நின்றால் ஓடும், ஓடினால் நிற்கும். தேவநாதனின் பழைய ஹில்மன் காருக்கு அமாவாசை மறுநாள் காலையில் வந்த கோளாறு இதுதான். செஞ்சியிலிருந்து மூன்று மைல் வருவதற்குள் இரண்டு முறை நின்றுவிட்டது. திரும்பிப் பார்த்தால் ராஜகிரி மலை ஓர் அடிகூட விலகாமல் அங்கேயே நின்றது.

முன் சீட்டில் மனைவி ரத்தினம்மாள். பின் சீட்டில் மகள் மங்கை, சர்ட்டிபிகேட்டுகள் இருந்த துணிப்பையை மடியில் அணைத்துக்கொண்டிருந்தாள். திண்டிவனத்தில் ஆசிரியைப் பயிற்சிக்கு நேர்முகம், பத்து மணிக்கு. பேர் கூப்பிடும்போது ஆள் இல்லையென்றால் அடுத்த பேர். வயது வரம்புப்படி அவளுக்கு இதுதான் கடைசி வருஷம். விடியற்காலை பஸ்ஸில் போகிறேன் என்றுதான் அவள் சொன்னாள். "டாக்சிக்காரன் பொண்ணு பஸ்ல நசுங்கிக்கினு போவுதுன்னு ஊரு சிரிக்காதா?" என்று தடுத்தவர் தேவநாதன்தான்.

பானெட்டைத் திறந்தார். கார்புரேட்டரில் பெட்ரோல் போக இரண்டு வழி. நின்ற இடத்தில் இஞ்சின் மெல்ல உறுமுவதற்குச் சின்ன வழி, பெட்ரோல் தேங்கும் கிண்ணத்தில் சற்று மேலே. மிதித்து ஓட்டுவதற்கு ஜெட் என்னும் துளையிட்ட பித்தளைத் திருகு, கிண்ணத்தின் அடியில். நிற்கும்போது நன்றாக உறுமி, மிதித்ததும் மூச்சடைத்துப் போகிறதென்றால் அடியில் இருப்பது அடைத்துக்கொண்டிருக்கிறது. ஜெட்டைக் கழற்றி வாயில் வைத்து ஊதினார். கம்பி விட்டுக் குத்தக்கூடாது. துளை மயிரிழை பெரிதானாலும் வண்டி பெட்ரோலாகக் குடிக்கும்.

வண்டி ஓடியது. ஒன்றரை மைல். மறுபடி நின்றது.

கடலைக்காய் மூட்டைகளோடு மாட்டுவண்டியில் வந்த பச்சமுத்து கயிற்றை இழுத்துப் பிடித்தார். "இன்னா தேவநாதா, காரு படுத்துக்கிச்சா? மாட்டப் பூட்டட்டுமா?"

"போய்யா, உன் வேலையப் பாத்துக்கினு."

"கோச்சிக்காத. எம் மாட்டுக்கு வாயில வச்சி ஊதறாப்பல ஒண்ணும் கெடையாது, அதான் சொன்னேன்."

மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குப் போன அமாவாசைக் கூட்டத்தோடு ஸ்பெஷல் பஸ் ஒன்று படிக்கட்டில் ஆள் தொங்க வந்தது. மங்கை ஓடிப்போய்க் கை காட்டினாள். புழுதிதான் நின்றது.

ஊதுவதும் ஓடுவதுமாகத் தீவனூர் தாண்டியபோது மணி ஒன்பதேகால். திண்டிவனத்துக்கு இன்னும் எட்டு மைல். அங்கே வண்டி நன்றாகவே நின்றுவிட்டது. இந்தத் தடவை கிண்ணத்தையே கழற்றி, அதிலிருந்ததை உள்ளங்கையில் கவிழ்த்தார். பெட்ரோல் சில்லென்று ஆவியாகிப் போனது. மிச்சம் நின்றது சாம்பல் நிறப் பொடி. துருவாக இருந்தால் சிவப்பாக இருக்கும். மண்ணாக இருந்தால் நறநறக்கும். இது மாவாக இருந்தது. ஆறு மாதமாக இதே அடைப்பு. பெட்ரோல் பங்க்காரனோடு சண்டைகூடப் போட்டிருந்தார்.

முன் சீட்டிலிருந்து இறங்கி வந்த ரத்தினம்மாள், அவர் உள்ளங்கைப் பொடியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

தேவநாதன் கையைப் பின்னுக்கு இழுத்தார். "ரத்தினம், இன்னாடி இது?"

"மலையனூர் அம்மன் சாம்பல்ங்க. உள்ள வரிக்கும் போயிருக்குது பாருங்க!"

"எங்க போட்ட?"

"பெட்ரோல் ஊத்தற வாயிலதான். அமாவாசைக்கு ஒரு சிட்டிகை. வண்டி நின்னாக்கா ரெண்டு. இன்னிக்குப் பொண்ணுக்குப் பெரிய காரியமாச்சே, நேத்து கோயில்ல குடுத்த பொட்டலத்த அப்பிடியே..."

தேவநாதன் திட்ட வாயைத் திறந்தார். முன் கண்ணாடியில் எலுமிச்சம்பழம் ஆடிக்கொண்டிருந்தது; கட்டியவர் அவர். மகளை பஸ்ஸில் ஏறவிடாமல் தடுத்தவரும் அவர். பொடியைத் தட்டிவிட்டு, கிண்ணத்தைத் துடைத்து மாட்டினார்.

"இப்ப இன்னா பண்றது நைனா?" என்றாள் மங்கை.

கூஜாவிலிருந்த குடிநீரைக் கொட்டித் துடைத்துவிட்டு, டாங்கிலிருந்து பெட்ரோலை அதில் பிடித்தார். மோர் நிறத்தில் கலங்கியிருந்தது. "துணியில வடிகட்டினா நிக்காது, அவ்ளோ நைசு. சாம்பலு பெட்ரோல்ல கரையாது, அது ஒண்ணுதான் நல்லது. தானா அடியில படியணும். மேல தெளிஞ்சத ரப்பர் குழாய்ல இஞ்சினுக்கு உடலாம்."

"எவ்ளோ நேரம்?"

"ஒரு மணி நேரத்துக்குக் கொறையாது. ஆட்டக்கூடாது."

"அடுத்த பஸ்ஸு?"

"பத்தரைக்கு."

புளிய மரத்தடியில் கூஜாவை வைத்துவிட்டு மூவரும் சுற்றி உட்கார்ந்தார்கள். லாரி எதுவும் வரவில்லை. வந்திருந்தாலும் தரை அதிருமே என்று தேவநாதன் பயந்திருப்பார். மங்கை முதலில் பதில்களை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். பத்தாக ஐந்து நிமிஷம் இருக்கையில் நிறுத்திக்கொண்டாள். பத்து மணிக்கு யாரும் யாரையும் பார்க்கவில்லை. பத்தரை பஸ் பாதி காலியாக வந்து கடந்தது. கை காட்ட ஒருவருக்கும் தோன்றவில்லை.

பத்தே முக்காலுக்குப் பெட்ரோல் கண்ணாடியாகத் தெளிந்திருந்தது. கூஜாவை பானெட்டுக்குள் உயரத்தில் கட்டி, குழாயைக் கார்புரேட்டருக்குக் கொடுத்தார். ஒரே இழுப்பில் இஞ்சின் பிடித்தது. மிதித்தார். ஒரு திணறல் இல்லை, ஓர் இருமல் இல்லை. வாங்கிய நாளில்கூட அது இத்தனை நன்றாக உறுமியதில்லை.

தேவநாதன் ஸ்டீரிங்கைப் பிடித்தபடி சும்மா உட்கார்ந்திருந்தார். "எந்தப் பக்கம்மா?"

"திண்டிவனத்துக்கே போ நைனா," என்றாள் மங்கை. "கேட்டுட்டாவது வந்துடலாம்."

கியர் விழுந்தது. வண்டி நகரும்போது ரத்தினம்மாளின் கை பழக்கத்தில் இடுப்புச் செருகலைத் தடவியது. அங்கே காலிப் பொட்டலம்தான் இருந்தது.