கொடிக்காலுக்குள் எட்டில் ஒரு நொடி

ஆண்டிச்சாமி தன் வெற்றிலைக் கொடிக்கால் வாசலில் நின்று இரண்டு சட்டம் போட்டார். செருப்புக் காலோடு உள்ளே வரக் கூடாது. கேமரா ஸ்டாண்டை மண்ணில் ஊன்றக் கூடாது. வேர் மேலாக ஓடுகிறது, குத்துப்பட்டால் கொடி போய்விடும். ஞாயிற்றுக்கிழமை படம் எடுக்கச் சோழவந்தானுக்கு வந்திருந்த மதுரைப் புகைப்படக் குழுவினர் ஏழு பேரும் செருப்பைக் கழற்றி, ஸ்டாண்டுகளை வேலியில் சாத்தினார்கள்.

கனகாவுக்கு மட்டும் ஸ்டாண்டை விட்டுப் போகச் சுருக்கென்றது. செல்லூரில் விசைத்தறி ஓட்டுகிறவள். பழைய கேமரா, அதோடு வந்த சின்ன லென்ஸ், ஒரு ஸ்டாண்டு, அவளிடம் இருப்பது இவ்வளவுதான். தல்லாகுளத்தில் குழு வைக்கும் கண்காட்சிக்கு ஆளுக்கு ஒரு படம், அதுவும் இன்று எடுத்ததாக இருக்க வேண்டும். போன வருஷம் கை ஆடியிருக்கிறது என்று அவள் படத்தை ஒதுக்கினார்கள். இந்த வருஷம் சுவரில் தொங்கியே தீர வேண்டும் என்றுதான் பஸ் ஏறியிருந்தாள்.

உள்ளே நல்ல நிழல். அங்கே வேலை செய்யும் மலையம்மாள் கொடியை அகத்தி மரத்தோடு சேர்த்துக் கோரைப் புல்லால் கட்டிக்கொண்டிருந்தாள். அந்தக் கைகளைக் கனகா பத்துப் படம் எடுத்தாள். பத்தும் கலங்கல். வெளிச்சத்தைக் கூட்டி வாங்கும் ஐ.எஸ்.ஓ.வை இதற்கு மேல் ஏற்றினால் அவள் கேமரா படம் பூராவும் மணலைத் தூவியதுபோல் புள்ளி வைக்கும். ஏற்றாவிட்டால் ஷட்டர் எட்டில் ஒரு நொடி திறந்து கிடக்கும். அதற்குள் எந்தக் கையும் ஆடிவிடும்.

குழுவை நடத்தும் ஹரிநாராயணன் கழுத்தில் கனத்த லென்ஸோடு எட்டிப் பார்த்தார்.

"இந்த வெளிச்சத்துக்கு உங்க கேமரா தாங்காதும்மா. வெளிய வாய்க்கால்ல கொக்கு நிக்குது, அத எடுங்க."

"கொக்கு தூரத்துல நிக்குது சார், என் லென்ஸ் எட்டாது. இந்தக் கை பக்கத்துல இருக்கு."

வேலிக்குப் போய் ஸ்டாண்டின் தலையிலிருந்து கேமராவைப் பூட்டும் தகட்டை மட்டும் கழற்றி வந்து, கேமராவின் அடியில் பூட்டினாள். தறிக்காரர்கள் எண்ணெய்க் கை துடைக்கக் கழிவு நூல் வைத்திருப்பார்கள். அவள் பையிலும் ஒரு கொத்து கிடந்தது. நாலு இழையை முறுக்கித் தகட்டில் முடிந்தாள். மறுமுனையில் சுருக்குப் போட்டுக் கால் பெருவிரலில் மாட்டி, கேமராவை மேல்நோக்கி இழுத்துப் பிடித்தாள். தறியில் பாவு நூல் எம்புட்டு விறைப்பில் நின்றால் அறாது, ஆடாது என்று அவள் கைக்குத் தெரியும். கூட வந்த அருண்பாண்டி, ஆட்டுக்குட்டியைக் கட்டியிருக்கியாக்கா என்று கேட்டுச் சிரித்தான். அவள் நூலை இன்னும் கொஞ்சம் இறுக்கினாள்.

அடுத்த படத்தில் இலை நரம்பு எண்ணலாம்போல விழுந்தது. ஆனால் விரல்கள் கலங்கல்தான். கேமரா ஆடவில்லை, மலையம்மாள் ஆடுகிறாள். நில்லுங்கள் என்று சொன்னால் கை செத்த கையாகிவிடும். கனகா படம் எடுப்பதை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தாள். அறுந்த இழையை முடிகிறபோது தன் கை செய்வதையேதான் மலையம்மாளும் செய்தாள்: சுற்றி, நுழைத்து, இழுத்து, பிடித்ததா என்று பார்க்க ஒரு கணம் நிறுத்தினாள். எட்டில் ஒரு நொடிக்கு அந்தக் கணம் தாராளம்.

இலை வழியாக வந்த வெளிச்சம் தோலைப் பச்சையாக்கியது. கேமராவுக்கு வெள்ளை எது என்று காட்ட வேண்டும். ஆண்டிச்சாமியின் வேட்டியைக் குறிவைத்தாள்.

"என் வேட்டிய எதுக்குத்தா எடுக்குற?"

"வெள்ளைக்குண்ணே."

"இது வெள்ளையா? நாலு வருசத்துக்கு முந்தி வந்திருக்கணும். இந்தா, துண்டு துவைச்சது."

துண்டை வைத்து நிறத்தைச் சரிசெய்துகொண்டாள். நூலை இழுத்து, மூச்சைப் பாதி விட்டுக் காத்திருந்தாள். சுற்று, நுழை, இழு. அமுக்கினாள்.

திரையில் பெரிதாக்கிப் பார்த்தாள். கோரையின் நார், நகக்கண்ணில் மண், பழைய வெட்டுக்காயம், எல்லாம் கூர்மையாக இருந்தன. ஹரிநாராயணன் கேமராவை வாங்கி, ஓரம் ஓரமாக நகர்த்தி ஆட்டத்தைத் தேடினார். கிடைக்கவில்லை. பிறகு ஷட்டர் வேகத்தைப் பார்த்தார்.

"எட்டில் ஒண்ணு. ஸ்டாண்டு இல்லாம."

"ஆமா சார்."

"இது கண்காட்சிக்குப் போகுதும்மா. பேரு எழுதிக்கிறேன்."

அவர் கைப்பேசியை எடுத்தார். கனகா பக்கத்தில் நின்று இரண்டு பெயர்களையும் சொன்னாள்: எடுத்தது கனகா, படத்தில் இருப்பது மலையம்மாள்.