நீலத் துடுப்பு

சாயப் புட்டியின் மூடி கழன்று, இளஞ்சிவப்பாக வந்திருக்க வேண்டிய ஒரு வாளி க்ரீமும் கசாப்புக் கடைத் தரை மாதிரி சிவந்துபோனபோது, கேக்கம்மாவுக்கு அழுகை வரவில்லை, சிரிப்புதான் வந்தது. மாலைக்குள் கல்யாண நாள் கேக் போய்ச் சேர வேண்டும். மறுபடி வெண்ணெய் அடிக்க உட்காருவதற்கு முன்னால், கெட்டுப்போனதைக் கொதிநீர் ஊற்றிக் கரைத்து, அப்படியே சிங்க்கில் கவிழ்த்தாள். குழாயைத் திறந்துவிட்டு, கடைசிச் சிவப்பும் சுழன்று இறங்கும் வரை பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தோடு அந்த விஷயத்தைத் தலைமுழுகிவிட்டதாகத்தான் நினைத்தாள்.

அந்த அடுக்குமாடிக் கட்டடத்தில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் யாருமில்லை. எல்லா வீட்டுப் பிறந்தநாளுக்கும் கேக் அவள் கையால்தான் என்பதால் சின்னது பெரியது எல்லோருக்கும் கேக்கம்மா. ஏரியைப் பார்த்த வீடு என்று ஆசை காட்டித்தான் விற்றார்கள். கழிவுநீர் ஒரு சொட்டுக்கூட வெளியே போகாது, அடித்தளத்தில் இருக்கும் இயந்திரம் சுத்தம் செய்து தோட்டத்துக்கே விட்டுவிடும் என்றார்கள். இயந்திர அறை பூட்டியே கிடந்தாலும் உள்ளே இரவும் பகலும் ஒரு உறுமல் கேட்கும். அந்த உறுமலைக் கேட்டு எல்லோரும் நிம்மதியாக இருந்தார்கள். ஆனால் குடிவந்த கொஞ்ச நாளிலேயே ஏரி நாறத் தொடங்கியது. லட்சங்களைக் கொட்டி வாங்கிய பால்கனியைச் சாத்திவிட்டு, திரைச்சீலையைப் பார்த்துக்கொண்டு காப்பி குடிக்கும் நிலைமை வந்தது.

நாற்றத்துக்கு யார் காரணம் என்பதைக் கட்டட மேனேஜர் விரலை நீட்டிக் காட்டினார். எதிர்க்கரையில் ஒரு வரிசை ஓட்டு வீடுகள். அங்கே இருப்பவர்களின் சாக்கடைதான் ஏரியில் கலக்கிறது, அவர்களை அப்புறப்படுத்த வேண்டும் என்று ஒரு மனு எழுதி, லிஃப்ட் வாசலில் நின்றுகொண்டே கையெழுத்து வாங்கினார். காய்கறிப் பையோடு வந்த கேக்கம்மாவின் கணவர், பராமரிப்புக் காகிதம் என்று நினைத்துப் படிக்காமலே போட்டுவிட்டார். அந்த வரிசையின் கடைசி வீட்டில் இருந்தது கேக்கம்மாவின் கூடப் பிறந்த அக்கா. வாடகைப் படகு விட்டுப் பிழைப்பவள். மனு விஷயம் காதுக்கு எட்டிய நாளிலிருந்து அக்கா ஃபோனை எடுப்பதில்லை. தங்கை வாசலுக்கே போய் நின்றபோதும், படகுக்குத் தார் பூசிக்கொண்டே நிமிர்ந்து பார்க்காமல் இருந்தாள்.

அந்த அக்காவேதான் இப்போது கூப்பிட்டாள். வெண்ணெய்க் கையோடு ஃபோனை எடுத்தாள் கேக்கம்மா.

"ஏய், உங்க பக்கம் என்னடி நடக்குது? தண்ணி செவந்து கெடக்கு. யாரையாச்சும் வெட்டிப் போட்டுட்டீங்களா?"

பால்கனிக் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். ஏரியை ஒட்டி, வீடு வாங்க வருகிறவர்கள் நின்று படம் எடுத்துக்கொள்வதற்கென்றே ஒரு மரமேடை போட்டிருந்தார்கள். அதற்கு அடியிலிருந்து சிவப்பு நாக்கு ஒன்று தண்ணீருக்குள் நீண்டிருந்தது. அது அவளுடைய சிவப்பு. தன் கையால் கலந்த நிறத்தை எங்கே பார்த்தாலும் அவளுக்குத் தெரியும். இத்தனை நாளும் மூக்கைப் பொத்திக்கொண்டு எதிர்க்கரையைத் திட்டியதெல்லாம் தங்கள் வீட்டு அசிங்கத்துக்காகத்தான் என்று புரிந்தபோது முகம் சுருங்கியது. உடனே கோபம் வந்தது. கோபம் வந்தால் அவளுக்குக் கை பரபரக்கும்.

"அக்கா, அது என் சிங்க்ல ஊத்தினதுக்கா."



"நல்லாத் தெரியுமா?"

"சத்தியமா."

"அந்த மனுவ விசாரிக்கச் சனிக்கிழமை அதிகாரி வர்றார். மேலோட்டமாப் பாத்துட்டு எங்க வீடுங்கள இடிக்க எழுதிக் குடுத்துட்டுப் போயிடுவாருன்னு ஊரே சொல்லுது. அன்னைக்கு ஊத்து. ஆனா செவப்பு வேணாம், செம்மண்ணு கரைஞ்சிருச்சும்பானுங்க. பச்சைன்னா பாசிம்பானுங்க."

"நீலம் ஊத்துறேன்."

"ஊத்து. செவப்ப எங்களுக்குக் குடு. எங்க வீடுங்கள்லயும் ஊத்தணும்."

"உங்க பக்கம் கசிஞ்சுதுன்னா?"

"கசிஞ்சா நாங்களே மூட்டையக் கட்டிக்கிட்டுக் கெளம்புறோம். எங்க கக்கூஸ் குழியில கசிவு இல்லன்னு நான் சொன்னா எவன் நம்புறான்? கண்ணால பாக்கட்டும்." ஃபோனை வைக்கப்போனவள், "மாப்பிள்ளைய இனிமேயாச்சும் படிச்சிட்டுக் கையெழுத்துப் போடச் சொல்லு," என்றாள். கேக்கம்மாவுக்கு அப்போதுதான் கண் கலங்கியது.

எதிர்க்கரைக்குச் சிவப்பைக் கொடுத்தனுப்பிவிட்டு, தன் கட்டடத்தில் வீடு வீடாக ஏறி இறங்கினாள். மேனேஜர் காதில் போடாதீர்கள் என்று சொல்லி, ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு தம்ளர் நீலச் சாயம். கேக்கில் போடுவதுதான், மீனுக்கும் கெடுதல் இல்லை. நான் கைக்குட்டையை ஆட்டினதும் கழிப்பறையில் ஊற்றித் தண்ணீர் விடுங்கள் என்றாள். பாதிப் பேர் சிரித்தார்கள், பாதிப் பேர் பயந்தார்கள். மேல்மாடியில் இருந்த ரிட்டயர்டு பேங்க்காரர் மட்டும் தம்ளரைத் தொடவில்லை.

"இது வெளிய தெரிஞ்சா வீட்டு வெல என்னம்மா ஆகும்?"

"வெல இருக்கட்டும் சார். கடைசியா பால்கனியில எப்போ உக்காந்தீங்க?"

அவர் கதவைச் சாத்திக்கொண்டார். தம்ளரை வாசலிலேயே வைத்துவிட்டு இறங்கினாள்.

சனிக்கிழமை அதிகாரி வந்தார். வந்தவருக்கு நல்ல ஜலதோஷம். மூக்கை உறிஞ்சிக்கொண்டே மரமேடையில் ஏறி நின்றார். "எனக்கு வாசனை, நாத்தம் ஒண்ணும் தெரியல. கண்ணுக்குத் தெரிஞ்சாத்தான் எழுதுவேன்," என்று முதலிலேயே சொல்லிவிட்டார். மேனேஜருக்கு வாயெல்லாம் பல். எதிர்க்கரையைக் காட்டி, அங்கே துணி துவைக்கிறார்கள், இங்கே எல்லாம் நவீனம் என்று விலாவாரியாக ஆரம்பித்தார். குடியிருப்போர் சார்பில் நின்றிருந்த கேக்கம்மா முகத்தைத் துடைப்பது மாதிரிக் கைக்குட்டையை எடுத்து ஆட்டினாள்.

ஒன்றும் நடக்கவில்லை. மேனேஜர் பேசிக்கொண்டே போனார். அதிகாரி தும்மினார், பேனாவைத் திறந்தார். கேக்கம்மா மேடை விளிம்புக்கு நகர்ந்து கீழே எட்டிப் பார்த்தாள். யாருமே ஊற்றவில்லையோ? ஏரிக்குப் போகும் குழாயை இன்றைக்கென்று அடைத்துவிட்டார்களோ? எதிர்க்கரையில் அக்கா இடுப்பில் கைவைத்து நிற்பது தெரிந்தது. அவர்கள் தங்கள் பங்கை ஊற்றியாகிவிட்டது. இந்தப் பக்கம் ஒன்றும் வராவிட்டால், மனுவில் போட்ட கையெழுத்துத்தான் மிஞ்சும்.

அப்போது மேடைக்குக் கீழே ஏதோ கொப்பளித்தது.

முதலில் நூல் மாதிரி வந்தது. அப்புறம் கட்டடமே ஒன்றாகத் தண்ணீர் விட்டது போல, குபுகுபுவென்று, எந்த ஏரிக்கும் வாய்க்காத பளீர் நீலம் புரண்டு வந்தது. அதிகாரி தும்ம வந்ததையும் மறந்து குனிந்தார். மேனேஜரின் நீட்டிய விரல் நீட்டியபடியே நின்றது.

"இது என்ன?"

"எங்க வீட்டுக் கழிப்பறைத் தண்ணி சார்," என்றாள் கேக்கம்மா. "அந்தக் கரையில செவப்பு ஊத்தியிருக்காங்க. அதையும் போய்ப் பாத்துட்டு எழுதுங்க."

மாடியிலிருந்து கைதட்டல் கேட்டது. நிமிர்ந்து பார்த்தாள். வரிசையாகப் பால்கனிகள் திறந்திருந்தன. மேல்மாடியில் பேங்க்காரர் காலித் தம்ளரை உயர்த்திக் காட்டினார். அவளுக்கு விசில் அடிக்கத் தெரிந்திருந்தால் அப்போதே அடித்திருப்பாள்.

அக்கா படகைக் கொண்டுவந்து அதிகாரியை ஏற்றிக்கொண்டு போனாள். எதிர்க்கரை ஓரமாக மெதுவாக ஓட்டிக் காட்டினாள். எங்கும் சிவப்பு இல்லை. கொல்லைப்பக்கக் குழியின் மூடியைத் தூக்கியபோது அத்தனை சிவப்பும் அதற்குள் அடக்கமாகக் கிடந்தது. லாரி வந்து உறிஞ்சிக்கொண்டு போவதைத் தவிர அதற்கு வேறு வழி இல்லை. திரும்பி வந்த அதிகாரி இயந்திர அறையைத் திறக்கச் சொன்னார். இயந்திரத்தின் மேல் ஒட்டடை தொங்கியது. உறுமிக்கொண்டிருந்தது மூலையில் வைத்த ஒரு பழைய மின்விசிறி. அதைப் பார்த்து முதலில் சிரித்தது கேக்கம்மாவின் கணவர்தான்.

அன்றைக்கே மனுவைத் தள்ளுபடி செய்து எழுதினார் அதிகாரி. ஏரிக் குழாயை அடைக்கவும் ஆள் வந்துவிட்டது. "அடைச்சா தண்ணி உங்க அடித்தளத்துலதான் தேங்கும். மெஷின சரி பண்ணி ஓட்டுற வரைக்கும் யாரும் கழிப்பறையத் தொடக் கூடாது. பரவாயில்லையா?" என்று அதிகாரி கேட்டார். இதை யாரும் யோசித்திருக்கவில்லை, கேக்கம்மா உட்பட.

"அடைங்க சார்," என்றாள்.

மறுநாள் காலையில் மரமேடையில் ஒரே கூட்டம். யாரும் படம் எடுக்க வரவில்லை. தோளில் துண்டும் கையில் சோப்புப்பெட்டியுமாக, முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள். எதிர்க்கரையில் கதவுகள் திறந்தே இருக்கின்றன, சங்கடப்படாமல் வாருங்கள் என்று அக்கா சொல்லி அனுப்பியிருந்தாள். படகு வந்து இடித்து நின்றதும், வரிசையைக் கலைத்துக்கொண்டு முதல் ஆளாக ஏறி உட்கார்ந்தார் பேங்க்காரர். அவருக்குப் பின்னால் மனுவில் கையெழுத்துப் போட்ட ஒவ்வொருவராக ஏறினார்கள். கேக்கம்மாவின் கணவரைப் பார்த்ததும் அக்காவின் உதடு துடித்தது. சிரிப்பை அடக்கிக்கொண்டு ஆட்களை எண்ணினாள். படகு தாழ்ந்திருந்தது.

"அவசரம் இல்லாதவங்க எறங்கிக்குங்க."

ஒருவரும் அசையவில்லை. அக்கா படகை மேடையிலிருந்து தள்ளிவிட்டுத் துடுப்பை வலித்தாள். நேற்றைய நீலம் அதன் நுனியில் இன்னும் ஏறியிருந்தது. மேடையில் நின்ற தங்கையைப் பார்த்து அவள் அதை ஒருமுறை தலைக்கு மேல் தூக்கிக் காட்ட, படகில் இருந்த அத்தனை பேர் மேலும் தண்ணீர் தெறித்தது.