ஆண்டை வீட்டுக் கோடி

மாமனாரின் தாடையைத் தூக்கிப் பிடித்துக் கட்டிக்கொண்டிருந்தாள் கமலாட்சி. கிழிந்த வேட்டி நாடா, முடிச்சு நிற்கவில்லை. ரெங்கசாமி விடியற்காலையில் கண்ணை மூடியிருந்தார். அதற்குள், அவர்கள் கடல் தாண்டி வந்திறங்கிய கெமண்டைன் படகுத்துறையின் புழுக்கம் தகரக் கொட்டகைக்குள் ஏறிவிட்டது.

நாளைக்கு எல்லோரும் படகில் துவாண்டேக்குப் போக வேண்டும். அங்கே காடு வெட்டி நெல் போடப் புது நிலம். தஞ்சாவூர்ச் சீமை ஆண்டைகள் வாங்கியிருந்தார்கள். கூடவே கொண்டுவந்தவை: ஏர், விதை, ரெங்கசாமி, அவர் மகன் நல்லையா, மருமகள்.

"கடலத் தாண்டிட்டா ஆண்டையுமில்ல, பண்ணையாளுமில்ல புள்ள," என்று கப்பலில் கிழவர் சொன்னார். பாவம், நம்பினார்.

நிலம் வாங்கியவர்கள் நேற்றுக் கூட்டம் போட்டார்கள். புது ஊரில் பழைய பண்ணை வழக்கம் உண்டா, இல்லையா? சர்க்கார் தலையிடாதாம், குடியேறுகிற ஜனங்களே முடிவு செய்துகொள்ளலாமாம். எல்லோரும் உண்டென்று கை தூக்கினார்கள். ஆட்டை அறுக்கலாமா என்று கசாப்புக்காரர்கள் கூடிப் பேசின கதைதான். ஓரத்தில் நின்ற நல்லையா, வேண்டாமென்று கை தூக்கினான்.

"எறக்குடா. நெலம் வாங்கினவங்கதான் ஜனங்க," என்றார் ஆண்டைகளின் காரியஸ்தர் தங்கவேலு.

கேட்டுக்கொண்டிருந்த கிழவர் வந்து படுத்தவர்தான். எழுந்திருக்கவில்லை.

"கோடி வருதாம்," என்றான் நல்லையா வாசலிலிருந்து.

கமலாட்சி முடிச்சை விட்டுவிட்டு நிமிர்ந்தாள். பண்ணையாள் செத்தால் ஆண்டை வீட்டிலிருந்து புதுத் துணி வரும். அதுதான் பிணத்தின் மேல் முதலில் விழ வேண்டும். மகன் இரண்டு கையும் நீட்டி வாங்கிப் போட்டால், அப்பன் இடத்தில் அவன் பண்ணையாள். கைநாட்டுகூட வேண்டாம்.

"வாங்கப் போறீங்களா?"

"கோடியில்லாம எப்படிடி தூக்குறது?"

"துறையில மூட்ட தூக்கிப் பொழைச்சுக்கலாங்க. என் வயித்துல இருக்கறதையும் சேத்தா எழுதிக் குடுப்பீங்க?"

நல்லையா வாசல் பக்கம் திரும்பிக்கொண்டான். அவனை அறைய வேண்டும் போலவும் இருந்தது, கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலவும் இருந்தது. இரண்டுக்கும் நேரமில்லை. அவள் கொல்லைப்பக்கமாகப் பின்தெருவுக்கு ஓடினாள்.

துணிக்கடை தஸ்தகீர் கத்தரிக்கோலும் கையுமாக நிமிர்ந்தார்.

"பாய், மாமாவுக்குக் கோடி வேணும். வெள்ளைத்துணி."

"தீந்துபோச்சே தங்கச்சி. இந்தத் துண்டுதான் மிச்சம். நீளம் பத்தாதும்மா."

"குடுங்க பாய்."

"மய்யித்துக்கு வெலை பேசப்படாது. எடுத்துட்டு ஓடு."

திரும்பியபோது தங்கவேலு உள்ளே நின்றிருந்தார். தாம்பாளத்தில் மஞ்சள் தடவிய அகலமான வேட்டி. நல்ல துணி, கிழவர் உயிரோடு இருந்தபோது ஒருநாளும் கிடைக்காத துணி.

"நீட்டுடா கைய."

நல்லையாவின் கைகள் நீண்டன. நடக்கத் தெரிந்த நாளிலிருந்து நீண்டு பழகியவை, அவனைக் கேட்டா நீளும்?

கமலாட்சி நடுவில் புகுந்து அந்தக் கைகளில் தன் துணியை வைத்தாள்.

"எங்க பொறந்த வீட்டுக் கோடிங்க. சம்பந்தி வூட்டுக்கு இங்க நான்தான் ஆளு. போடுங்க."

"ஏய்! ஆண்டை கோடிதான் மொதல்ல விழணும்!"

வாசலில் நின்ற துறைக் கூலிகள் உள்ளே எட்டிப் பார்த்தார்கள். நல்லையா கையிலிருந்த துணியைப் பார்த்தான். அப்பாவின் முகத்தைப் பார்த்தான். கீழே போட்டுவிடுவானோ என்று கமலாட்சி அவன் கைகளையே பார்த்தாள்.

அவன் மண்டியிட்டுத் துணியை விரித்தான். நெஞ்சிலிருந்து முழங்காலுக்குச் சற்றுக் கீழே வரைதான் வந்தது.

தங்கவேலு குரலைத் தணித்துக்கொண்டார். "கால் மூடலியேடா. பெத்தவன இப்படியா அனுப்புவே? இதையும் மேல போட்டுக்க. யாரு என்ன சொல்லப் போறா?"

நல்லையா அந்தக் கால்களை வெகுநேரம் பார்த்தான்.   இனி முடிவு அவனுடையது.

"இருக்கட்டும்," என்றான்.

கொள்ளிச் சட்டியை எடுத்துக்கொண்டு முன்னால் இறங்கினான். கூலிகள் நாலு பேர் பாடைக்குத் தோள் கொடுத்தார்கள். தெருவுக்கு வந்ததும் வெயில் நேராக ரெங்கசாமியின் பாதங்களில் விழுந்தது.