சார்ஜ் லைட் பார்க்கிறவள்

'உச்சிமாகாளி ஆட்டோ எலக்ட்ரிக்கல்ஸ்' என்று போர்டில் என் வீட்டுக்காரர் பெயர்தான் இருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் கோவில்பட்டியில் அந்தக் கடைக்கு வந்த வண்டிகளுக்கெல்லாம் சார்ஜ் லைட் பார்த்தது நான்தான். அவர் பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு, "ஏட்டி பாண்டி, மிதி" என்பார். நான் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து ஆக்ஸிலேட்டரை மிதிப்பேன். டேஷ்போர்டில் ஒரு சின்னச் சிவப்பு லைட் இருக்கும்; பேட்டரிக்கு சார்ஜ் ஏறினால் அது அணைய வேண்டும். அதைப் பார்த்து, "அணைஞ்சிருச்சு" என்றோ, "மங்கலா நிக்கி" என்றோ சொல்வேன். அதை வைத்துத்தான் கோளாறு டைனமோவிலா, பெல்ட்டிலா, வயரிலா என்று அவர் முடிவு கட்டுவார். கழுகுமலை பஸ் டிரைவர்கள்கூட, "பாண்டியம்மா என்ன சொல்லுதாவ?" என்று கேட்டுவிட்டுத்தான் வண்டியை எடுப்பார்கள்.

எமர்ஜென்சி முடிந்த மறுவருஷம், ஆயுத பூஜை கழிந்த கையோடு வந்து சேர்ந்தாள் எஸ்தர்ராணி. புதியம்புத்தூரில் ரெடிமேட் சட்டை தைக்கிற முதலாளியின் மகள், மெட்ராஸில் படித்தவள். தூத்துக்குடியில் யாரோ வெள்ளைக்காரர் விற்றுவிட்டுப் போன ஸ்போர்ட்ஸ் காரை அவள் அப்பா வாங்கிக் கொடுத்திருக்கிறார். இரண்டே சீட்டு, மேலே கூரை கிடையாது, ரத்தச் சிவப்பு. அவள் கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு அதில் வந்து இறங்கினால், தீப்பெட்டி ஆபீஸுக்குப் போகிற பெண்கள் வேலையை மறந்து நின்றுவிடுவார்கள்.

"ராத்திரி ஓட்டும்போது இந்தச் செவப்பு லைட்டு அணைய மாட்டேங்கு அண்ணாச்சி. காலையில பேட்டரி செத்துக் கெடக்கு. டெய்லர்மாருதான் தள்ளிவிடுதாவ" என்றாள்.

என் வீட்டுக்காரர் பானெட்டைத் தூக்கினார். நான் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு கிளம்பினேன். அவர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், "நீங்களே உக்காந்து மிதிங்கம்மா" என்றார்.

நீங்களேயாம்! கடை வாசலில் நான் ஒருத்தி குத்துக்கல்லாக நிற்கிறேன். கண்ணில் படவில்லையா?

அவள் மிதித்தாள். "இப்பம் அணைஞ்சிருச்சு அண்ணாச்சி" என்றாள். அவர் பெல்ட்டை இறுக்கி அனுப்பினார். மறுநாள் உச்சி வேளைக்கு மறுபடி வந்துவிட்டாள். டைனமோவைக் கழற்றி பிரஷ் மாற்றினார். திரும்பவும் வந்தாள். கடையில் பார்த்தால் லைட் அணைகிறது, ராத்திரி ஓட்டும்போது எரிகிறது, இதே கதைதான். அந்த வாரம் முழுக்க என் வீட்டுக்காரர் தினமும் சவரம் செய்துகொண்டார். பண்டிகைக்குக்கூடத் தாடியோடு நிற்கிற மனுஷன்! எனக்குச் சோறு இறங்கவில்லை. பொறாமைதான், இல்லை என்று நான் ஏன் சொல்ல வேண்டும்? அவர் பக்கத்தில் எனக்கென்று இருந்த ஒரே இடம் அந்த சீட்டுதான். அதில் இன்னொருத்தி உட்கார்ந்திருந்தால் நான் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பேனா?

"பகல்ல அணையுத லைட்டு ராத்திரி மட்டும் எரியுமாக்கும்? அவ பொய் சொல்லுதா. உங்களப் பாக்கத்தான் வாரா" என்றேன்.

"ஒனக்கென்ன கிறுக்கா? என் மூஞ்சியப் பாக்கவா பெட்ரோல் போட்டுக்கிட்டு வாரா?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பில் கொஞ்சம் சந்தோஷமும் இருந்தது. எனக்கு ஆத்திரம் மண்டைக்கு ஏறிவிட்டது.

மறுநாள் கார் வந்து நின்றதும் நேராகப் போனேன். "எறங்கும்மா. நான் பாக்கேன்" என்றேன். பொய்யை அவர் முன்னாலேயே உடைத்துவிட வேண்டும் என்ற வெறி எனக்கு.

"வாங்கக்கா" என்று அவள் உடனே இறங்கிவிட்டாள். பானெட்டுப் பக்கத்திலிருந்துதான் சத்தம் வந்தது.

"ஏட்டி, நீ உக்காராத. வெள்ளை சீட்டு. ஒஞ்சேலையில இருக்க கிரீசு ஒட்டிரும்."

அவள் காது கேட்கச் சொன்னார். ஓகோ, இத்தனை நாளும் என்னைக் கூப்பிடாததற்கு இதுதானா காரணம்! என் சேலையில் இருக்கிற கிரீஸ் யார் கடைக் கிரீஸ்?

"ஒட்டுனாத் தொடச்சிக்கிடலாம் அண்ணாச்சி" என்றாள் எஸ்தர்ராணி. அவள் இரக்கம் யாருக்கு வேண்டும்! நான் உட்கார்ந்துவிட்டேன்.

மிதித்தேன். டேஷ்போர்டில் வெயில் கொதித்தது, லைட் தெரியவில்லை. மாட்டினாள் கள்ளி என்று நினைத்தேன். இருந்தாலும் சந்தேகத்துக்கு இடம் வைக்கக் கூடாது என்று, முந்தானையை உதறி என் தலைக்கும் டேஷ்போர்டுக்கும் சேர்த்து மூடினேன்.

இருட்டில் தெரிந்தது. ஊதுவத்தி முனை அளவுக்குச் சிவப்பு. எவ்வளவு மிதித்தும் போகவில்லை.

அந்தப் பெண் பொய் சொல்லவில்லை. கூரையில்லாத காரில், கோவில்பட்டி வெயிலில், கூலிங் கிளாஸும் போட்டுக்கொண்டு பார்த்தால் இது யாருக்குத் தெரியும்? எனக்கு அசிங்கமாகப் போய்விட்டது. ஆனாலும் லைட் விஷயத்தில் நான் மாற்றிச் சொல்கிறவள் இல்லை.

"எரியுது. மங்கலா நிக்கி. மிதிச்சாலும் போகல."

அவர் நிமிர்ந்தார். "அப்பம் டைனமோ நல்லாத்தான் இருக்கு. பேட்டரிக்குப் போற வழியில என்னமோ தடுக்குது" என்றார். என்னை எஞ்சினை நிறுத்தச் சொல்லிவிட்டு, டைனமோவுக்கும் பேட்டரிக்கும் நடுவில் கரண்டைச் சேர்த்துவிடுகிற கட்-அவுட் பெட்டியின் மூடியைக் கழற்றினார். உள்ளே ரெண்டு முனையும் தொடுகிற இடத்தில் காய்ந்த சந்தனம், அதன் மேல் குங்குமம்.

எஸ்தர்ராணி தலையில் அடித்துக்கொண்டாள். "டெய்லர்மாரு வேலை! ஆயுத பூஜைக்குத் தையல் மிஷினுக்கெல்லாம் பொட்டு வச்சுட்டு, காருக்கு வைக்காட்டா சாமி கோவிக்கும்னாவ. மூடியக் கழத்தியா வைப்பாவ!"

அவர் சுரண்டி, உப்புத்தாளால் தேய்த்து, மூடியை மாட்டினார். "ஏட்டி பாண்டி, மிதி" என்றார். எத்தனை நாள் கழித்து!

ஸ்டார்ட் செய்து மிதித்தேன். முந்தானைக்குள் கும்மிருட்டு. பொட்டு வெளிச்சம் இல்லை. "அணைஞ்சிருச்சு" என்று சொன்னால் போதும். அவள் காரை எடுத்துக்கொண்டு போய்விடுவாள், அப்புறம் வர மாட்டாள். வாய் வரைக்கும் வந்துவிட்டது. முந்தானையை விலக்கி அவரைப் பார்த்தேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. சீட்டில் கிரீஸ் ஒட்டியிருக்கிறதா என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னாச்சு?" என்றார்.

"இன்னும் மங்கலாத்தான் நிக்கி. நல்லாத் தேய்ங்க" என்றேன்.

என் வார்த்தையில் அவருக்கு ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை. கொதிக்கிற எஞ்சினுக்குள் மறுபடி தலையை விட்டார். எஸ்தர்ராணி வெயிலில் நின்றாள். நான் அந்த வெள்ளை சீட்டில் முதுகு முழுக்கப் படுகிற மாதிரி நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தேன்.